நான்காவது வினா: இலங்கையில் வேட்டைப் பொழுதுபோக்கின் வரலாறு

தூண்டிலைப் புதிதாகக் கையில் எடுத்தவனும், துவக்கைப் புதிதாகத் தோளிற் சாத்தியவனும் முதலிற் செய்கின்ற காரியம் ஒன்றேயாகும். தம்மிலும் மூத்த அனுபவசாலி ஒருவரைத் தேடிச் சென்று, "ஐயா, எந்தக் கருவி நல்லது? எந்த இடம் நல்லது? எந்த வேளை நல்லது?" என்று அவர்கள் வினவுகின்றார்கள். இம்மூன்று வினாக்களும் மிகப் பழையவை. வேட்டையும் மீன்பிடியும் வயிற்றுப் பிழைப்பாக இருந்த காலத்தில் தந்தை மகனுக்கு இவற்றின் விடையைக் கூறினான். அவை பொழுதுபோக்காக மாறிய பின்னர், விடை கூறும் பொறுப்பிற் பெரும் பங்கைப் புத்தகங்கள் ஏற்றுக்கொண்டன.

அத்தகைய புத்தகங்களுள் உலகப் புகழ் பெற்றது, 1653ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசாக் வால்ற்றன் என்பவர் வெளியிட்ட 'கொம்ப்ளீற் ஆங்லர்' என்னும் நூலாகும். அந்நூல் உரையாடலாக அமைந்தது. 1655இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பிலே தூண்டிற்காரன், வேட்டைக்காரன், வல்லூறு வளர்ப்பவன் என மூவர் வழியிற் சந்தித்துத் தத்தம் பொழுதுபோக்கின் பெருமையைப் பேசிக்கொள்கின்றார்கள். முடிவில் வேட்டைக்காரன் தூண்டிற்காரனுக்கு மாணாக்கனாகி விடுகின்றான். எந்த மீன் எந்த நீரில் வாழும், எந்த இரையை விரும்பும், குதிரை மயிரைத் திரித்துத் தூண்டில் நூல் செய்வது எப்படி என்பனவற்றை ஆசிரியன் சொல்ல, மாணாக்கன் கேட்டுக்கொள்கின்றான்.

கருவி, இடம், வேளை என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் அப்பால் நான்காவது வினா ஒன்று உண்டு. "எவ்வளவு எடுக்கலாம்?" என்பதே அது. கருவி எளியதாக இருக்கும் வரையில் இந்த வினா எழுவதில்லை. கருவி வலிமை பெற்ற பின்னரும் இது எழாதிருக்குமானால், விளைவு பெரும் அழிவாகும். இந்த உண்மையை நம்முடைய இலங்கைத் தீவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பும் இந்நாட்டில் வேட்டை இருந்தது. வேடர்கள் வில்லும் அம்பும் கோடரியும் கொண்டு காட்டில் வாழ்ந்தார்கள். குடியானவர்கள் பயிரைக் காப்பதற்கும் உணவுக்குமாகப் பொறி வைத்தார்கள். ஆனால், யானை அரசனுக்கு உரியது. கண்டி அரசர் காலத்தில் அதனைக் கொல்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தருக்கோ யானை ஒரு வருவாய்ப் பொருள். வன்னிமைகள் அவர்களுக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தின. அந்த யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தியாவிலிருந்து வந்த வணிகர்களுக்கு விற்கப்பட்டன. இறந்த யானையால் எவருக்கும் இலாபமில்லை. உயிருள்ள யானைக்கே விலை உண்டு என்னும் நிலை அக்காலத்தில் இருந்தது.

யானையை உயிருடன் பிடிப்பதிற் பெயர் பெற்றவர்கள் பணிக்கர் எனப்படும் முஸ்லிம் மக்களாவர். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கிராமங்களில் அவர்கள் வாழ்ந்தார்கள். கிழக்கிலங்கையின் ஏறாவூர்ப் பணிக்கர்களை அறியாதார் அக்காலத்தில் இலர். இவர்களுடைய திறமையை, குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் யேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலில் வியந்து எழுதியுள்ளார். மானின் தோலாலோ எருமைத் தோலாலோ திரித்த கயிறு ஒன்றே அவர்களின் கருவி. அடிச்சுவட்டையும் முறிந்த கிளையையும் பார்த்து யானை சென்ற வழியை அறிவார்கள். காற்றின் திசையறிந்து நெருங்குவார்கள். ஒருவர் யானையின் கவனத்தைத் தம்பக்கம் ஈர்க்க, மற்றவர் பின்னாற் சென்று அதன் காலிற் சுருக்கை இடுவார். கயிற்றின் மறுமுனை அருகிலுள்ள மரத்தைச் சுற்றிக்கொள்ளும். இடமும் வேளையும் பற்றிய அறிவு அவர்களிடம் முழுமையாக இருந்தது. அவர்களுடைய கருவியோ ஒருநாளில் ஒரு யானைக்கு மேற் பிடிக்க இடங்கொடாத கருவி. ஆகவே, "எவ்வளவு?" என்ற வினாவுக்கு அந்தக் கயிறே விடை சொல்லிற்று.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர் நிலைமை மாறியது. மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. வெட்டுண்ட காட்டின் ஓரத்தில் நின்ற யானை தோட்டத்துக்கும் வயலுக்கும் பகையாயிற்று. அரசுக்கு உரியதாயிருந்த அந்த விலங்கைக் கொல்வோருக்கு அரசாங்கமே தலைக்குச் சில சிலிங்குகள் பரிசாக வழங்கத் தொடங்கியது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது எனத் தெனன்ற் குறிப்பிடுகின்றார். அன்றைய வட மாகாணம் என்பது வன்னியையும் அதற்குத் தெற்கே அநுராதபுரப் பகுதியையும் உள்ளடக்கியது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மேலும் 1851க்கும் 1856க்கும் இடையில், தென் மாகாணத்தில் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே 2,000 யானைகளுக்கு இத்தகைய பரிசு வழங்கப்பட்டது.

பரிசுக்காகக் கொன்றவர்கள் ஒருபுறம் இருக்க, பொழுதுபோக்குக்காகக் கொன்ற உத்தியோகத்தர்கள் மறுபுறம் இருந்தார்கள். பதுளையில் அரசாங்க அதிகாரியாகப் பணிபுரிந்த மேஜர் றோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது தெனன்ற் தரும் கணக்கு. கப்டன் கால்வே என்பவர் அத்தொகையின் பாதிக்கு மேலும், வீதிகளை அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் ஏறக்குறைய அதேயளவும் கொன்றனராம். 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஹப்புத்தளையில் நின்ற வேளையில் இடி தாக்கி றோஜர்ஸ் இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்று மக்கள் கதை சொல்வதுண்டு. கொன்ற உயிர்களின் பழி தொடர்ந்தது என்பது அக்கதையின் உட்பொருள். இடிக்கும் பழிக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, மக்களின் மனம் அந்த எண்ணிக்கையைக் கேட்டு எவ்வாறு அதிர்ந்தது என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

இத்தனை யானைகளும் எதற்காக மாண்டன? தந்தத்துக்காக அன்று. இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கேனும் தந்தம் இராது எனத் தெனன்ற் எழுதினார். ஆப்பிரிக்காவில் யானையைக் கொன்றவன் தந்தத்தையாவது விற்றான். இங்கே கொன்றவர்கள் உடலைக் கிடந்த இடத்திலே விட்டுவிட்டு அடுத்த யானையை நாடிச் சென்றார்கள். எண்ணிக்கை ஒன்றே அவர்கள் பெற்ற பயன்.

இந்தக் காலத்தின் வேட்டையாளர்களுள் நமக்கு மிகத் தெளிவாகத் தோன்றுபவர் சாமுவேல் பேக்கர் ஆவார். 1821இல் இலண்டனிற் பிறந்த இவர், 1848இல் தம் சகோதரருடன் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்தார். 1855இல் இத்தீவை விட்டு நீங்கினார். பின்னர் ஆப்பிரிக்காவிற் பயணம் செய்து, 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் காணும் பேக்கர் நீர்வீழ்ச்சி இவருடைய பெயரைத் தாங்கியதே. இலங்கையில் வாழ்ந்த காலத்திலேயே வேட்டையைப் பற்றி ஒரு நூலை எழுதினார். 1855இல் தமது எட்டாண்டு அலைவுகளைப் பற்றி மற்றொரு நூலை வெளியிட்டார். புதிதாக வேட்டைக்கு வருகின்ற ஒருவர் எந்தத் துவக்கைக் கொண்டுவர வேண்டும், எந்த நாயை வளர்க்க வேண்டும், எந்த விலங்கை எங்கே தேட வேண்டும் என்பனவற்றுக்கு இந்நூல்கள் விரிவாக விடை தருகின்றன.

அவருடைய கருவிகளைச் சிறிது பார்ப்போம். அக்காலத் துவக்கு, குழாயின் வாயினூடாக மருந்தும் குண்டும் இட்டு இடிக்கப்படுவது. நம் வன்னி மக்கள் 'இடியன் துவக்கு' என வழங்குவது இந்த வகையையே. ஒருமுறை சுட்டபின் மீண்டும் இடித்து ஆயத்தம் செய்வதற்கு நேரம் வேண்டும். பாய்ந்து வருகின்ற யானை அந்த நேரத்தைத் தராது. ஆகவே, பேக்கர் ஒன்றல்ல, ஆறு துவக்குகளை வைத்திருந்தார். நான்கு அவுன்ஸ் குண்டைச் செலுத்தும் ஒற்றைக் குழல் றைபிள் ஒன்று. அதன் நிறை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் குண்டைச் செலுத்தும் மற்றொன்று. அதன் நிறை 16 இறாத்தல். இவற்றோடு ஒவ்வொன்றும் 15 இறாத்தல் நிறையுள்ள இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. முதலிற் கூறிய பெருந் துவக்குக்கு ஒரு வேட்டுக்கு இடப்படும் மருந்து 16 திறாம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். இவற்றைச் சுமந்துகொண்டு பின்னே நிற்பதற்கும், சுட்ட துவக்கை வாங்கிக்கொண்டு ஆயத்தமான துவக்கைக் கையிற் கொடுப்பதற்கும் இந்நாட்டு ஆட்கள் அருகில் நின்றார்கள். யானை பாயும்போது அவர்கள் நிலைகுலையாது நிற்பதிலேயே வேட்டையாளனின் உயிர் தங்கியிருந்தது.

குண்டு குறைந்தால் என்ன நேரும் என்பதைப் பேக்கர் மின்னேரியாக் குளக்கரையிற் கற்றுக்கொண்டார். எருமையை எளிதாக எண்ணிப் போதிய குண்டின்றிச் சென்ற அவர், காயமுற்ற எருமையின் எதிரே வெறுந் துவக்குடன் நிற்க நேர்ந்தது. அப்போது சட்டைத் துணியைக் கிழித்து, சட்டைப் பையிலிருந்த சில்லறை நாணயங்களை அதிலே முடிந்து, துவக்கிலிட்டுச் சுட்டு உயிர் தப்பினார். இச்சம்பவத்தை அவரே எழுதியிருக்கின்றார். கருவியைப் பற்றிய அறிவுரைகளுக்கெல்லாம் பின்னே இத்தகைய ஓர் அச்சம் ஒளிந்திருக்கின்றது என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.

மலைநாட்டில் அவருடைய வேட்டை வேறு வகையானது. ஆங்கிலேயர் 'எல்க்' என்று தவறாக அழைத்த விலங்கு நம்முடைய மரையாகும். அடர்ந்த குளிர்க் காட்டில் மரையைக் கண்ணாற் காண்பது அரிது. ஆகவே, வேட்டை நாய்களை ஏவி, மோப்பத்தால் அதனைத் துரத்தி, அது ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது கத்தியுடன் நெருங்கிக் கொல்வது பேக்கரின் வழக்கம். இதில் வேட்டையாளனுக்கும் ஆபத்து உண்டு. நாய்கள் பல மாண்டன. துவக்கால் ஒரே நாளிற் பல யானைகளைக் கொல்வதையும் கத்தியால் ஒரு மரையைக் கொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கருவி எளிதாகும்போது எண்ணிக்கை எவ்வாறு பெருகுகின்றது என்பது விளங்கும்.

அறிவுரை இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கும் பேக்கரே சான்று. இலங்கையில் யானையை மிக அருகில் நிற்கவிட்டு நெற்றியிற் சுடுவது அவர் கண்ட வெற்றியான முறை. அதே முறையை ஆப்பிரிக்காவிற் கையாண்டபோது அது பொய்த்துப் போயிற்று. அங்குள்ள யானையின் தலை அமைப்பு வேறு. ஓரிடத்தில் வல்லவனான ஒருவன் மற்றோரிடத்தில் மாணாக்கனாகவே தொடங்க வேண்டும். இலங்கையில் அவருக்கு அந்த ஆசிரியர்களாக அமைந்தவர்கள் அடிச்சுவடு பார்க்கும் முஸ்லிம்களும் சிங்கள மக்களும் ஆவர். புத்தகத்தின் அட்டையில் அவர்களின் பெயர் இல்லை, ஆயினும், "எந்த இடம்? எந்த வேளை?" என்ற வினாக்களுக்கு விடை அவர்களிடமிருந்தே வந்தது.

கருவியோ அதனுடன் நின்றுவிடவில்லை. சக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்பும் துவக்கை, மழையிலும் வெடிக்கக்கூடிய கேப்புத் துவக்கு ஏற்கனவே அகற்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் துவக்கு பரவியது. இடிக்க வேண்டிய நேரம் சில வினாடிகளாகக் குறுகிற்று. 1884இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் துவக்கின் நிறை குறைந்தது. குண்டு செல்லும் தூரம் நீண்டது. சுட்டவனை மறைக்கும் புகைத்திரையும் அகன்றது. ஆறு துவக்குகளும் அவற்றைச் சுமக்கும் ஆட்களும் இன்றியமையாதிருந்த வேலையை இப்போது ஒரே மனிதன் ஒரே துவக்கினாற் செய்யலாம். அத்துடன் மான் தோலும் மரைக் கொம்பும் உலர்ந்த இறைச்சியும் சந்தைப் பொருள்களாயின. கோடையில் எஞ்சி நிற்கும் தண்ணீர்த்துறைகளில் இரவு முழுதும் பதுங்கியிருந்து, தாகத்தால் வரும் விலங்குகளை ஒவ்வொன்றாகச் சுடுவோரும் பெருகினர்.

இந்த நிலையிலேதான் நான்காவது வினா எழுந்தது. வியப்பு என்னவெனில், அதனை எழுப்பியவர்களுட் பெரும்பாலோர் வேட்டையாளர்களே. காட்டில் அதிகம் நடந்தவனுக்கே காடு வெறுமையாவது முதலிற் புலப்படும். 1891இல் யானை, எருமை முதலிய விலங்குகளை வீணே அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1894ஆம் ஆண்டு மே மாதத்தில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் என்னும் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் கூடிய அச்சங்கத்தின் முதல் நோக்கம், தாங்கள் சுடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே. அந்த நோக்கம் தன்னலம் கலந்ததுதான். ஆயினும் வரலாற்றில் நன்மை பல வேளைகளில் இவ்வாறே தொடங்குகின்றது.

தூண்டிற்காரரின் வரலாறு இதனினும் விந்தையானது. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயருக்குத் தம் நாட்டு ட்ரவுட் மீனின் நினைவு எழுந்தது. ஆனால் அந்த மீன் இங்கே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வெப்ப வலயத்தைக் கடந்து மீன் முட்டைகளை உயிருடன் கொண்டுவருவது எளிதன்று. ஈரப் பாசியிற் பொதிந்து பனிக்கட்டியின் குளிரில் வைத்தால் அவை நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும் என்பதை, 1864இல் தஸ்மானியாவுக்கு அனுப்பப்பட்ட முட்டைகள் மெய்ப்பித்திருந்தன. 1882இல் கபில நிற ட்ரவுட் நுவரெலியாவுக்கு வந்தது. பின்னர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய வானவில் ட்ரவுட்டும் கொண்டுவரப்பட்டது. நம் மலையோடைகளில் நிலைத்து இனம் பெருக்கியது இரண்டாவதே.

இந்த மீனைப் பிடிப்பதற்குரிய கருவியும் நுட்பமானது. பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த கோல், பட்டு நூல், பட்டுப்புழுவின் உடலிலுள்ள பசையை இழுத்து உலர்த்திய மெல்லிய நரம்பு, இறகும் நூலும் கொண்டு பூச்சியைப் போலச் சமைத்த போலி இரை என்பன அதன் உறுப்புகள். 1930களின் இறுதியில் நைலோன் தோன்றியபின் பட்டுப்புழு நரம்புக்கு வேலை குறைந்தது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. காட்டு வேட்டையாளன் முன்னமே இருந்த செல்வத்தைச் செலவு செய்தான். நுவரெலியாத் தூண்டிற்காரனோ முதலில் மீனை உண்டாக்கிய பின்னரே அதனைப் பிடிக்க முடிந்தது. குஞ்சு பொரிக்க வைத்து, ஓடையில் விட்டு, வளரும்வரை காத்திருந்தவனுக்கு ஒவ்வொரு மீனின் அருமையும் தெரிந்திருந்தது. ஆகவே சிறிய மீனைத் திரும்ப விட வேண்டும், அநுமதியின்றித் தூண்டில் இடலாகாது என்னும் விதிகள் அங்கே எளிதாக வேரூன்றின. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அயல் நாட்டிலிருந்து வந்த இந்தக் கொன்றுண்ணும் மீன், மலையோடைகளில் இயல்பாக வாழ்ந்த சிற்றுயிர்களுக்குக் கேடாக அமையும் என்று இன்றைய உயிரியலாளர் கவலைப்படுகின்றனர். தான் விட்ட மீனைக் காப்பதற்குத் தெரிந்த மனிதனுக்கு, முன்னமே இருந்த உயிரைக் காண்பதற்குக் கண் திறக்க மேலும் காலம் வேண்டியிருந்தது.

மீண்டும் காட்டுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டில் தென்கிழக்கிலுள்ள யாலப் பகுதி காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. 1905இல் வடமேற்கில் வில்பத்து ஒதுக்கப்பட்டது. யாலப் பகுதியின் ஒரு பங்கு, இலங்கையில் வசிக்கும் வேட்டையாளர்கள் அநுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாடும் இடமாக விடப்பட்டது. அப்பகுதியைக் காப்பதற்கு 1908இல் அமர்த்தப்பட்டவர் எங்கல்பிரெக்ற் என்னும் போயர் இனத்தவர். தென்னாபிரிக்கப் போரிற் கைதியாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அவர், போர் முடிந்த பின்னரும் ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் தாயகம் திரும்ப முடியாதவரானார். தன் நாட்டை இழந்த ஒருவர் நம் நாட்டுக் காட்டுக்குக் காவலரானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சட்டம் வந்தபோது அதன் பாரம் எல்லோர் மீதும் ஒரேவகையாக விழவில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அநுமதிப்பத்திரத்துக்குப் பணம் கட்ட வல்லவன் கனவான் வேட்டையாளன் எனப்பட்டான். அதே மானை இடியன் துவக்கால் தன் பிள்ளைகளின் பசிக்காகச் சுட்ட ஏழைக் குடியானவன் திருட்டு வேட்டைக்காரன் எனப்பட்டான். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்வ், இந்த வாழ்க்கையை அருகிலிருந்து கண்டவர். 1913இல் அவர் வெளியிட்ட, காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய நாவலின் நடுநாயகமாக நிற்பவன், காட்டை நம்பி வாழும் ஒரு வேட்டைக்காரக் குடியானவனே. யானைகளை ஆயிரக்கணக்கிற் கொன்ற கணக்கில் உத்தியோகத்தரின் பெயர்கள் பெருமையாக எழுதப்பட்டன. விதியை முதலிற் சுமந்தவர்களோ பெயரற்ற கிராமத்தவர்கள். நான்காவது வினாவுக்கு நேர்மையான விடை வேண்டுமானால், "எவ்வளவு?" என்பதோடு "யாருக்கு?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இந்த வரலாற்றிற் பெரும் திருப்பம். அச்சட்டத்தின்படி 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. தேசியப் பூங்காவிற் பார்க்கலாம், சுடலாகாது. அதனை அடுத்த இடைநிலை வலயத்தில் அநுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாடலாம் எனப் பாகுபாடு செய்யப்பட்டது. 1949இல் வனவிலங்குகளுக்கெனத் தனித் திணைக்களம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 1894இல் வேட்டையாளர்கள் தோற்றுவித்த சங்கமும் தன் பெயரிலிருந்து வேட்டையை நீக்கிக்கொண்டது. இன்று அது வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என விளங்குகின்றது. 1936இல் அச்சங்கம் தொடங்கிய சஞ்சிகையின் பெயர் 'லோரிஸ்', அதாவது தேவாங்கு. சுடுவதற்கு ஒருவரும் விரும்பாத, இரவில் மட்டும் நடமாடும் அந்தச் சின்னஞ்சிறு விலங்கைத் தம் சஞ்சிகையின் பெயராகத் தெரிந்துகொண்டபோது, வேட்டையாளரின் மனம் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது என்பதை நாம் உணரலாம்.

ஆயினும் இழந்தவை யாவும் திரும்பி வரவில்லை. பேக்கர் காலத்தில் யானைகள் உலாவிய ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. துவக்கு மட்டும் அதற்குக் காரணமன்று. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடங்கொடுத்த காடும் ஒரு காரணம். ஆனால் மரை இருக்கின்றது. 1988இல் தேசியப் பூங்காவாகிய அச்சமவெளியில், அன்று நாய்களின் குரைப்பொலி கேட்டு ஓடிய விலங்கு, இன்று மாலை வேளையிற் புல்வெளிக்கு வந்து மனிதரின் முன்னே அமைதியாக மேய்கின்றது. 2011இல் நாடெங்கும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 யானைகள் காணப்பட்டன. றோஜர்ஸ் என்னும் ஒரே மனிதர் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு முழுவதிலும் எண்ணப்பட்டவற்றின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அது.

ஆகவே, நேயர்களே, காட்டையும் ஆற்றையும் நாடிச் செல்ல விரும்பும் இளைஞன் ஒருவன் நம்மிடம் வந்து அறிவுரை கேட்பானாயின், பழைய மூன்று வினாக்களுக்கும் நாம் மகிழ்ச்சியுடன் விடை கூறலாம். அவன் கையில் இருப்பது தூண்டிலாகலாம், தொலைநோக்கியாகலாம், புகைப்படக் கருவியாகலாம். கருவியை நன்றாகத் தெரிந்துகொள் என்று சொல்லுவோம். அந்த மண்ணில் வாழும் மனிதரிடம் இடத்தையும் வேளையையும் கேட்டு அறிந்துகொள் என்று சொல்லுவோம். அவன் கேளாவிட்டாலும் நான்காவது வினாவை நாமே எழுப்பி, அதன் விடையையும் கூறிவிட வேண்டும். பணிக்கரின் தோற்கயிறு தானாகவே "போதும்" என்று சொல்லிற்று. இன்றைய கருவிகள் அவ்வாறு சொல்லுவதில்லை. அவற்றைக் கையில் வைத்திருக்கும் மனிதனே அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.